கடவுளைத் தரகராக்காத காதல் கதைகள்

கேள்வி இதுதான்: காதல் நாவல்கள் பிடிக்கும், ஆனால் படுக்கையறைக் காட்சிகள் வரும்போது பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. சரி, கிறிஸ்தவ நாவல்களுக்குப் போகலாம் என்றால் பாதிக் கதையில் பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. விசுவாசமும் காதலும் ஒன்றையொன்று கெடுக்காத ஆங்கில நாவல்கள் எவை? அறுபதைத் தாண்டிய, நிறைய வாசிக்கும் அம்மாவுக்குக் கொடுக்கவும் ஒன்று வேண்டும்.

பெயர்களை அடுக்குவதற்கு முன்னால், இந்த வகையின் பெரிய நோய் எது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் கடையில் அட்டையைப் புரட்டிப் பார்த்தே நீங்கள் பாதியைக் கழித்துவிடலாம். நாயகி விசுவாசி. நாயகன் கடவுள்மேல் கோபம் கொண்டவன், பெரும்பாலும் மனைவியையோ தம்பியையோ பறிகொடுத்தவன். இருவருக்கும் பிடித்துப்போகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொன்ன ‘அந்நிய நுகம்’, அதாவது அவிசுவாசியோடு பிணைக்கப்படாதே என்ற எச்சரிக்கை, அவள் நினைவுக்கு வருகிறது, தயங்குகிறாள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவன் முழங்காலில் விழுந்து ஜெபிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். இப்படிப்பட்ட கதைகளில் கடவுள் ஒரு கல்யாணத் தரகர். நாயகனின் மனந்திரும்புதல் அவருக்குச் சேர வேண்டிய கமிஷன். பிரசங்கம் நீளமாக இருப்பதைவிட இதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. நல்ல பிரசங்கத்தையாவது சகித்துக்கொள்ளலாம்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். விசுவாசத்தால் இந்தப் பாத்திரத்துக்கு ஏதாவது நஷ்டம் வந்ததா? வந்திருந்தால் அந்த நாவலை நம்பி உட்காரலாம்.

தொடங்குவதற்கு ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யைச் சொல்வேன். அவர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிறந்தவர். நாவல் 1979-இல் வந்தது. அதற்கு முன்பும் இந்த வகையில் எழுதியவர்கள் உண்டு. கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் ஒருவரே நூறு நாவல்களுக்கு மேல் எழுதிவிட்டு 1947-இல் மறைந்தார். ஆனால் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் காதல் கதையைத் தனிச் சரக்காகவே வெளியிடத் தொடங்கியது ஓக்கின் வெற்றிக்குப் பிறகுதான். கதை சின்னது. புல்வெளி நாட்டில் குடியேற வந்த 19 வயது மார்ட்டி, வந்த கையோடு கணவனை விபத்தில் இழக்கிறாள். அடக்கம் நடந்த அன்றே, முன்பின் அறியாத கிளார்க் டேவிஸ் என்பவர் வந்து நிற்கிறார். மனைவியை இழந்தவர், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகள் இருக்கிறாள். குழந்தைக்குத் தாய் வேண்டும், மார்ட்டிக்குத் தங்க இடம் வேண்டும், ஆகவே பெயரளவுக்கு ஒரு திருமணம் என்கிறார். குளிர்காலம் போனதும் அவள் ஊர் திரும்ப விரும்பினால் வழிச்செலவைத் தானே தருவதாகவும், குழந்தையை மட்டும் உடன் அழைத்துப்போக வேண்டும் என்றும் சொல்கிறார்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். கல்யாணம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. எனவே மனந்திரும்புதலுக்குப் பரிசாகத் தாலி கட்டுகிற வேலையே இல்லை. மிச்சப் பக்கங்களில் இருப்பது, ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு அந்நியர்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்வது மட்டுமே. மார்ட்டிக்குப் பான்கேக் தவிர எதுவும் சமைக்கத் தெரியாது. வேளை தவறாமல் அதையே சுட்டுப் போடுகிறாள். அவரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். சாப்பாட்டுக்கு முன் அவர் செய்யும் ஜெபம் அவளுக்குப் புரியாத பாஷையாக இருக்கிறது. அவர் விளக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. குறை என்று சொன்னால், கிளார்க் தேவைக்கு மேல் நல்லவர். ஒரு நாளாவது அந்த மனிதர் எரிந்துவிழ மாட்டாரா என்று ஏங்க வைப்பார். தொடர் எட்டு நூல்களாக நீள்கிறது. முதல் இரண்டு போதும் என்பது என் கருத்து.

அடுத்தது, நீங்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லக்கூடிய நாவல்: ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள், அது சரியில்லை. ரிவர்ஸ் முதலில் சாதாரணச் சந்தைக்கான காதல் நாவல்களை எழுதிக்கொண்டிருந்தவர். 1986-இல் விசுவாசத்துக்கு வந்தார். அதன் பிறகு எழுதிய இந்த நாவல் 1991-இல் பொதுப் பதிப்பகம் ஒன்றிலும், பின்னர் திருத்தப்பட்டு 1997-இல் கிறிஸ்தவப் பதிப்பகத்திலும் வந்தது. இன்று கடைகளில் கிடைப்பது பிந்தியது.

கதையின் எலும்புக்கூடு பழைய ஏற்பாட்டின் ஓசியா புத்தகம். ஒழுக்கம் தவறிய கோமேரை மணந்துகொள்ளும்படி தீர்க்கதரிசிக்குக் கட்டளை வருகிறது; அவள் விலகிப் போகிறாள்; அவர் போய் விலை கொடுத்து மீட்டுவருகிறார். ரிவர்ஸ் இதை 1850-இன் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்துக்கு நகர்த்துகிறார். ஏஞ்சல் சிறுவயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்டவள். மைக்கேல் ஓசியா என்ற விவசாயி அவளைத் தெருவில் பார்க்கிறான். இவள்தான் உன் மனைவி என்று கடவுள் தன்னிடம் சொன்னதாக நம்புகிறான்.

இங்கே கடவுள் பட்டவர்த்தனமாகவே பெண் பார்த்துக் கொடுக்கிறார், அப்படியானால் நான் சொன்ன நோய் இதற்கும் உண்டுதானே என்று கேட்பீர்கள். பாதிக் கதைவரை அப்படித்தான் தோன்றும். அடிபட்டுக் கிடக்கும் பெண்ணிடம் வாங்கிய சம்மதம் என்ன சம்மதம் என்று எனக்கும் இன்றுவரை உறுத்துகிறது. நாவலைக் காப்பாற்றுவது ஏஞ்சலின் பிடிவாதம். அவள் ஓடுகிறாள், திரும்புகிறாள், மறுபடியும் ஓடுகிறாள். கடைசியாக அவள் போவது பழைய வாழ்க்கைக்கு அல்ல. மைக்கேலின் நிழல் படாத இடத்தில், தன் காலில் நின்று, தன்னைப் போன்ற பெண்களுக்காக ஒரு வேலையைத் தொடங்குகிறாள். அவளுடைய விசுவாசம் கணவன் வழியாக வந்த சீதனமாக இல்லாமல் அவளுடையதாகவே ஆவது அங்கேதான். அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் இந்த நாவலை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். இன்னொன்று: குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை இதன் பின்னணியில் உண்டு. வருணனை அடக்கமாக இருந்தாலும் விஷயம் கனமானது. ‘கிறிஸ்தவ நாவல்தானே’ என்று பதின்மூன்று வயதுப் பெண்ணின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அதே ரிவர்ஸின் ‘எ வாய்ஸ் இன் தி விண்ட்’ என்னைப் பொறுத்தவரை இதைவிட உறுதியான நாவல். 1993-இல் வந்தது. கி.பி. 70-இல் எருசலேம் ரோமரிடம் வீழ்கிறது. குடும்பம் முழுவதையும் இழந்த ஹதாசா என்ற யூதக் கிறிஸ்தவப் பெண் அடிமையாக ரோமாபுரிக்கு வந்து, செல்வந்தர் வீட்டு மகள் ஜூலியாவின் பணிப்பெண் ஆகிறாள். ஜூலியாவின் அண்ணன் மார்க்கஸ் அவளை விரும்புகிறான். மணந்துகொள்ளவும் தயாராக இருக்கிறான். அவளுக்கும் அவன்மேல் ஆசை உண்டு. அப்படியிருந்தும் மறுக்கிறாள், அவன் நம்பாத கடவுளை அவள் நம்புவதால். அதற்குப் பிறகு அவனுக்கு ஞானோதயம் எதுவும் வருவதில்லை. கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அந்த மறுப்புக்கு ஹதாசா கொடுக்கும் விலை சாமானியமானதல்ல. நான் மேலே சொன்ன சல்லடையில் இந்த நாவல் கொஞ்சமும் சிந்தாமல் தேறுகிறது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: முதல் பாகம் முடியும் இடத்தில் உங்களால் நிறுத்த முடியாது. ‘அன் எக்கோ இன் தி டார்க்னஸ்’ என்ற இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மூன்றாவது வேறொருவர் கதை, அவசரமில்லை.

ஹதாசா பிடித்துப்போனால், அவளுடைய பாட்டி முறையில் ஒருத்தி இருக்கிறாள். போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சென்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ 1895-96-இல் தொடராக வந்தது. அவர் 1905-இல் நோபல் பரிசு பெற்றார். நீரோ காலத்து ரோம். வினிசியஸ் என்ற படைவீரன் லிகியா என்ற கிறிஸ்தவப் பெண்ணின்மேல் மோகம் கொண்டு, அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர அரசனின் அதிகாரத்தையே பயன்படுத்துகிறான். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். தேடிப்போகிறவன், தான் தேடுவது பெண்ணையா அவளை அப்படி ஆக்கிய எதையோவா என்று குழம்பத் தொடங்குகிறான். அந்த மாற்றம் அத்தியாயக் கணக்கில் நீள்வதால் நம்ப முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், நாவலில் எல்லோர் மனத்தையும் கொள்ளைகொள்பவன் வினிசியஸின் மாமாவான, கடைசிவரை மதம் மாறாத பெட்ரோனியஸ்தான். விசுவாசியான ஓர் எழுத்தாளர் ஒரு அவிசுவாசிக்கு இவ்வளவு கண்ணியம் கொடுத்திருப்பது இன்றைய கிறிஸ்தவ நாவலாசிரியர்கள் கற்க வேண்டிய பாடம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு கல்லும் முள்ளுமாக இருக்கும். புதியதாகப் பார்த்து எடுங்கள்.

கேதரின் மார்ஷலின் ‘கிறிஸ்டி’ 1967-இல் வந்தது. கிறிஸ்தவப் புனைவுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் கிறிஸ்டி விருதுக்கு இந்த நாவலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மார்ஷல் தன் தாயின் இளமைக்கால அனுபவங்களை ஆதாரமாகக் கொண்டு எழுதியது. 1912-இல், 19 வயதில், டென்னசி மலைப் பகுதியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றுக்கு ஆசிரியையாகப் போகிறாள் கிறிஸ்டி. காதல் வழக்கமான முக்கோணம்தான்: ஒருபக்கம் இளம் போதகர் டேவிட், மறுபக்கம் நம்பிக்கையற்ற மருத்துவர் நீல். ஆனால் போதகரின் விசுவாசத்தில்தான் ஓட்டைகள் இருக்கின்றன. மருத்துவர் நோயாளிகளுக்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறார். டைபாய்டு பரவி, கிறிஸ்டிக்கு நெருங்கிய தோழி இறந்துபோகும்போது அவள் கடவுளோடு போடுகிற சண்டை இந்த வகை நாவல்களில் அபூர்வம். பதில் சட்டென்று வந்துவிடுவதில்லை. மிஸ் ஆலிஸ் என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்மணி வரும் பக்கங்களை இரண்டாம் முறை வாசிக்கலாம். நடுவில் கிராமத்துச் செய்திகள் கொஞ்சம் இழுக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது ‘கிறிஸ்தவ நாவல்’ அலமாரியில் இருக்காது. 1847-இல் வந்த ‘ஜேன் அயர்’. இதைப் பள்ளிப் பாடமாக வாசித்துவிட்டு, எரிந்த மாளிகையும் மாடியில் பூட்டிய மனைவியுமாக மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம். ஜேன் இரண்டு முறை மறுக்கிறாள். தான் காதலிக்கும் ரோச்செஸ்டருக்கு மனைவி உயிரோடு இருப்பது தெரிந்ததும், அவரோடு சேர்ந்து வாழ மறுத்து, போக்கிடம் இல்லாமல் வெளியேறுகிறாள். எல்லோரும் பேசுவது இதைத்தான். இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் பெரியது. மிஷனரியாக இந்தியாவுக்குப் போகவிருக்கும் உறவினர் செயின்ட் ஜான், அவளைக் காதலிக்காமலே, ஊழியத்துக்கு உதவியாக இருப்பாள் என்பதற்காக மனைவியாக வரச் சொல்கிறார். துணைக்கு வருகிறேன், மனைவியாக மாட்டேன் என்கிறாள் ஜேன். நீ மறுப்பது என்னையல்ல, கடவுளை என்கிறார் அவர். பக்திமான் ஒருவர் கடவுளின் பெயரைச் சொல்லிப் பெண் கேட்கிறார். பக்தியுள்ள ஒருத்தி, கடவுளை நம்பிக்கொண்டே, அதை மறுக்கிறாள். இன்றைய கிறிஸ்தவக் காதல் நாவல்களில் பெரும்பாலானவை செயின்ட் ஜானைத்தான் நாயகனாக்கியிருக்கும்.

இந்த வரிசையில் என் தனிப்பட்ட விருப்பம் எது என்று கேட்டால், மெரிலின் ராபின்சனின் ‘லைலா’. 2014-இல் வந்தது. இதற்கு முன்னால் ‘கிலியட்’ (2004) வாசிப்பது நல்லது. அது 2005-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ‘கிலியட்’ ஒரு கடிதம். 1956-இல், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், எழுபது வயதைத் தாண்டிய போதகர் ஜான் ஏம்ஸ், இதயம் பலவீனமாகிவிட்ட நிலையில், ஏழு வயதைத் தொடும் தன் மகனுக்கு எழுதுகிறார். அவன் வளர்வதைப் பார்க்கத் தனக்கு ஆயுள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வயதில் அவருக்கு எப்படி ஒரு சிறுவன்? பெந்தெகொஸ்தே ஞாயிறன்று மழைக்கு ஒதுங்கி ஆலயத்துக்குள் வந்த ஒருத்தி, பிறகு அவர் மனைவியானாள். திருமணப் பேச்சை எடுத்தவளும் அவளே. நீங்கள் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள், அவர் செய்துகொண்டார். காதல் காட்சி அவ்வளவுதான். எத்தனையோ நாவல்களின் முப்பது பக்க உருக்கத்தைவிட அந்தச் சில வரிகள் என்னைப் பிடித்துவைத்தன.

‘லைலா’ அதே திருமணத்தை அவள் பக்கத்திலிருந்து சொல்கிறது. கேட்பாரற்றுக் கிடந்த குழந்தையான அவளை டால் என்ற நாடோடிப் பெண் தூக்கிக்கொண்டு ஓடி வளர்த்தாள். பசி, கூலி வேலை, கத்தி, விபசார விடுதி என எல்லாவற்றையும் கண்டவள். எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்தில், பிறந்த அன்றே வெளியில் எறியப்பட்டு இரத்தத்தில் கிடக்கும் சிசுவைப் பற்றி வாசித்ததும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றுகிறது. நோட்டில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். ஏம்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். பிறகு, ரட்சிக்கப்படாதவர்களுக்குப் பரலோகம் இல்லை என்ற பேச்சு காதில் விழுகிறது. அப்படியென்றால் டால்? தன்னை வளர்த்தவள் இல்லாத மோட்சம் தனக்கு எதற்கு என்று, ஆற்றுக்குப் போய் அந்த ஞானஸ்நானத்தைக் கழுவிவிட்டு வருகிறாள். ஒரு போதகரின் மனைவி! அவள் கேட்கும் கேள்விகளுக்கு ஏம்ஸ் வேதாகம வசனத்தை மாத்திரைபோல் எடுத்து நீட்டுவதில்லை. தனக்கும் தெரியவில்லை என்கிறார், யோசிக்கிறார், மறுபடி பேசுகிறார். அவர்கள் காதலே அந்தப் பேச்சுதான். நடை மெதுவானது, அத்தியாயப் பிரிவுகள்கூடக் கிடையாது. பஸ்ஸில் வாசிக்க உதவாது. ஆனால் பிரசங்கமில்லாத விசுவாசம் வேண்டும் என்று கேட்டீர்களே, போதகரையே நாயகனாக வைத்து அதைச் செய்துகாட்டியிருக்கிறார் ராபின்சன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தின் கதைகள் ஒரு தனிப் பெருவெள்ளம். பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ (1997) அதற்குக் கதவு திறந்தது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில், கல்யாணம் நெருங்கும் நேரத்தில் தன் பிறப்பைப் பற்றிய இரகசியம் தெரியவந்த பெண் ஒருத்தி சமூகத்தால் விலக்கிவைக்கப்படுகிறாள். அதைப் படியுங்கள். அதற்குப் பின் வந்தவற்றில் பல, வெள்ளைத் தொப்பியும் குதிரை வண்டியுமாக அட்டையை மட்டும் நகலெடுத்தவை. துப்பறியும் விறுவிறுப்பு வேண்டுமென்றால் டீ ஹெண்டர்சனின் ‘தி நெகோஷியேட்டர்’. பணயக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தும் பெண் நாயகி நன்றாக வந்திருக்கிறாள், ஆனால் மனந்திரும்பும் பகுதி நான் சொன்ன பழைய தடத்திலேயே போகிறது. லின் ஆஸ்டினின் ‘கேண்டில் இன் தி டார்க்னஸ்’ இவற்றைவிட மேல்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ரிச்மண்ட், அடிமைகளை வைத்திருக்கும் அப்பா, அந்தத் தரப்புக்காகப் போரிடும் காதலன், அடிமைமுறை பாவம் என்று உணர்ந்துவிட்ட நாயகி. வேதாகமத்தை இரு தரப்பும் மேற்கோள் காட்டும்போது யாரை நம்புவது என்ற கேள்வியை இந்த நாவல் தட்டிக்கழிக்கவில்லை.

இருளான பக்கத்துக்குப் போகத் தயாராக இருந்தால் இரண்டு உண்டு. கிரஹாம் கிரீனின் ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ (1951): போர்க்கால லண்டனில், மணமான பெண் சாராவும் பென்ட்ரிக்ஸ் என்ற எழுத்தாளனும் இரகசியமாகப் பழகுகிறார்கள். குண்டு விழுகிறது. அவன் இறந்துவிட்டான் என்று எண்ணிய சாரா, அவனைப் பிழைக்க வைத்தால் உம்மை நம்புகிறேன், அவனை விட்டுவிடுகிறேன் என்று, நம்பாத கடவுளிடம் பொருத்தனை செய்துவிடுகிறாள். அவன் பிழைத்துக்கொள்கிறான். இங்கே கடவுள் காதலனுக்குப் போட்டியாளர். கள்ளக்காதல் கதை என்பதால் உங்கள் நிபந்தனைக்குள் இது முழுதாக அடங்காது, தெரிந்தே சொல்கிறேன். இன்னொன்று, நார்வேயின் சிக்ரிட் உண்ட்செட் 1920 முதல் 1922 வரை மூன்று பாகமாக எழுதிய ‘கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்’. 14-ஆம் நூற்றாண்டுக் கதை. காதலித்தவனை, அப்பாவின் மனத்தைப் புண்படுத்தி மணந்துகொண்ட பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பின் என்ன ஆகிறது என்பதை அவள் சாகும்வரை தொடர்கிறது. உண்ட்செட் 1928-இல் நோபல் பெற்றார். டீனா நன்னலியின் மொழிபெயர்ப்பு வாசிக்க இலகுவானது. மழைக்காலம் முழுவதற்கும் போதுமான நாவல்.

அம்மாவுக்கு ஜான் காரனின் ‘அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்’ (1994) வாங்குங்கள். மலைப் பகுதிக் கற்பனை ஊர் ஒன்றின் பாதிரியார் டிம் அறுபது வயதுப் பிரம்மசாரி; சர்க்கரை நோய் வேறு. பக்கத்து வீட்டுக்கு சிந்தியா என்ற குழந்தைநூல் எழுத்தாளர் குடிவருகிறார். இவ்வளவு நாள் தனியாக இருந்துவிட்டு, இனிமேல் ஒருவரைத் தன் வீட்டுக்குள் விடுவதா என்று டிம் படும் அவஸ்தைதான் காதல் கதை. பர்னபா என்ற பெரிய நாய் ஒன்று வரும். வேத வசனத்தைச் சத்தமாகச் சொன்னால்தான் அடங்கும். கதை ஒரு சிறு செய்தித்தாளில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் அளவானவை, இரவு ஒன்றாக வாசிக்கலாம். பெரிய திருப்பங்கள் இல்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு, உங்கள் அம்மா அப்படியானவர் என்றால் ‘கிறிஸ்டி’யைக் கொடுத்துவிடுங்கள். மிட்ஃபோர்ட் பிடித்துவிட்டால் தொடரின் அடுத்த நூலை உடனே கேட்பார். சிந்தியாவுக்கு டிம் என்ன பதில் சொல்கிறார் என்பது முதல் நூலில் முடிந்துவிடாது.